மூன்றாவது மாடி ஹால்

விளக்கு, ஏசி, மோட்டார் எல்லாவற்றையும் தானாக இயக்கும் கன்ட்ரோலரை மொட்டைமாடி அறையில் பொருத்திவிட்டு, எலக்ட்ரீஷியன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இடுப்பு கழன்று போயிருந்தது. வயர்களின் மறுமுனையைச் சோதிக்க, அவனோடு வேலை செய்கிறவள் கீழிருந்து மாடி மாடியாக ஏறிக்கொண்டிருந்தாள். பேச்செல்லாம் போனில்தான்.

“நீல வயர் ரெண்டையும் சேர்த்துப் பிடி.”

“பிடிச்சிட்டேன்.”

“மீட்டர் கத்தலையே?”

“நீங்க பக்கத்து வயர்ல வச்சிருப்பீங்க. எப்பவும் பண்றதுதானே?”

பார்த்தான். அதேதான். மாற்றி வைத்ததும் மீட்டர் கத்தியது.

“தப்புன்னு ஒத்துக்கிட்டா குறைஞ்சா போயிடுவீங்க?”

“வேலையைப் பாரு.” சண்டை போடக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

சாயங்காலத்துக்குள் எல்லா மாடியும் ஒழுங்காக வேலை செய்தது. அன்றுதான் புதிதாக வந்திருந்த இன்ஜினியர் மொட்டைமாடிக்கு ஏறி வந்து அசந்துபோனார்.

“மேலேயும் கீழேயும் இருந்துக்கிட்டு என்னமா ஒத்துப்போறீங்க! கண்ணு பட்டுடும்பா. நாளைக்கே பக்கத்து பில்டிங்கை ஆரம்பிச்சிடலாமா?”

“நாளைக்கு ரெண்டு பேருக்கும் லீவு வேணும் சார்.”

“ரெண்டு பேருக்குமா? என்ன விசேஷம்?”

“இதே பில்டிங்ல, மூணாவது மாடி ஹால்ல குடும்ப கோர்ட் நடக்குதில்ல சார்? எங்க விவாகரத்து கேஸ்ல நாளைக்குத் தீர்ப்பு.”

துண்டிக்காத போனில் அவள் குரல் களைப்பாகக் கேட்டது.

“அந்த ஹால் ஏசியைக் கொஞ்சம் கம்மியா வைங்க. உங்களுக்குக் குளிர் ஒத்துக்காது.”