சதுக்கத்தின் இரண்டு பக்கம்

"ஏய்யா, எந்த ஓட்டலுக்குப் போவோம்? இன்னிக்கு உன் இஷ்டம்தான்."

அமெரிக்காவின் தெற்கே, சவன்னா நகரத்துச் சதுக்கத்தின் நடுவில், ஓக் மரத்தடியில் நின்றுகொண்டு கேட்டேன். என் புருஷன் அம்ப்ரோஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

இடது பக்கம் பெல்லமி ஹவுஸ். வலது பக்கம் டிரேடன். இரண்டும் நூற்றைம்பது வயதுக் கிழங்கள். வெள்ளைத் தூண்களோடு ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும்.

இரண்டிலும் எங்கள் மகள் டெனீட்டா அறை பிடித்திருந்தாள். அப்பாவுக்கு எது பிடிக்கிறதோ அதில் தங்குங்கள், மற்றதை ரத்து செய்துவிடுகிறேன் என்றாள். நாளைக் காலை பத்து மணிக்கு அவரை மறதி நோய்க்காரர்கள் இல்லத்தில் கொண்டுபோய் விட வேண்டும். நாங்கள் ஒரே கட்டிலில் தூங்கப்போகும் கடைசி ராத்திரி இது.

அவளிடம் சொல்லாமல் நான் மனசுக்குள் ஒரு பந்தயம் கட்டியிருந்தேன். இவர் பெல்லமி பக்கம் நடந்தால், இல்லமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். காகிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்கே கூட்டிப்போவேன். என் இடுப்பு ஒடிந்தாலும் சரி.

பெல்லமியில்தான் எங்கள் முதலிரவு. அறுபத்தைந்தாம் வருஷம். எங்களை மாதிரிக் கறுப்பர்களுக்கு அங்கே அறை கொடுக்க ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எல்லாரும் பார்க்கட்டும் என்று இந்த மனுஷன் மாடிப்படியில் வேண்டுமென்றே ஆடி அசைந்து ஏறினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

டிரேடன் அவருக்கு ஆகவே ஆகாது. பதினேழு வயதில் அங்கே தட்டு கழுவினார். மழையில் நின்ற ஒரு விருந்தாளிக்குக் குடை கொடுக்கப்போய், கறுப்பு வேலைக்காரர்கள் மிதிக்கக்கூடாத முன்கூடத்தில் கால் வைத்துவிட்டார். அன்றைக்கே விரட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்தப் பக்கத்து நடைபாதையில்கூட அவர் நடந்ததில்லை.

அம்ப்ரோஸ் நடக்க ஆரம்பித்தார்.

வலது பக்கம்.

பாழாய்ப்போன மனசு, அப்போதும் விடவில்லை. பழைய கோபத்தைத் தீர்த்துக்கொள்ளப் போகிறாரோ, முன்வாசல் வழியாக ராஜா மாதிரி நுழையப் போகிறாரோ என்று நினைத்தது. கோபமும் ஞாபகம்தானே. அது இருந்தாலும் போதும் எனக்கு.

வாசலில் நின்ற சிவப்புக் கோட்டு இளைஞன் கதவைத் திறந்து பிடித்தான்.

"வாங்க சார்."

அம்ப்ரோஸ் திரும்பி, தனக்குப் பின்னால் எந்த வெள்ளைக்காரர் வருகிறார் என்று பார்த்தார். யாரும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு அவனைத் தாண்டிப் போய்ப் பக்கத்துச் சந்துக்குள் திரும்பினார்.

நான் பின்னாலேயே ஓடினேன். குப்பைத்தொட்டிகளைக் கடந்து, சமையலறையின் பின்கதவு முன்னால் போய் நின்றார். உள்ளே இறால் வறுபடும் வாசனை. தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். காலையில் நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையின் கைகளை முழங்கை வரை சுருட்டினார்.

அப்புறம் என்னைப் பார்த்தார். கண் அவ்வளவு தெளிவாக இருந்தது. இரண்டு வருஷமாக அந்தத் தெளிவுக்குத்தான் நான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்குத்தான் வேலைக்குச் சேர்றியா, தங்கச்சி? நமக்கு இந்த வாசல்தான். மறந்தும் முன்பக்கம் போயிடாத. பயப்படாத, நான் இருக்கேன்ல."

எட்டு மாதத்தில் அவர் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை.

"சரிண்ணே" என்றேன்.