அண்ணா நகர் கேக்

சென்னையில் சிறந்த பேக்கரிகள் என்று மனைவி வசந்தகுமாரி தேடி எழுதிக் கொடுத்த ஆறில் ஒன்றின் வாசலைக்கூட அன்பழகன் மிதிக்கவில்லை. இருபது நாள் ட்ரெயினிங் முடிந்து, அந்தமானில் போர்ட் பிளேர் துறைமுகத்தில் இறங்கிய பிறகுதான் லிஸ்ட் ஞாபகம் வந்தது. அங்கேயே அபர்டீன் பஜாரில் ஒரு பிளம் கேக் வாங்கி, கடைப் பெயர் இல்லாத பெட்டிக்கு மாற்றிக்கொண்டான்.

வசந்தகுமாரி ஒரு துண்டைத் தின்றாள். மீதியைக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள்.

"எந்தக் கடைங்க?"

"அண்ணா நகர். ஒரு மணி நேரம் க்யூல நின்னேன். மேன்லேண்ட் கை மேன்லேண்ட் கைதான். நீயும் சுடுறியே, செங்கல்லு."

அவள் உள்ளே போய், அடி நசுங்கிய அலுமினியப் பாத்திரத்தோடு வந்தாள். கேக்கின் அடியிலிருந்த பள்ளம் அந்த நசுங்கலில் அப்படியே பொருந்தியது.

"நீங்க கப்பலேறின மறுநாள்லேருந்து பஜார் பேக்கரிக்கு நான்தான் கேக் போடுறேன். அண்ணா நகர்லயும் எனக்கு பிராஞ்ச் இருக்குன்னு இப்பத்தான் தெரியுது."