குருவிக் கட்டணம்

“ஒரு குருவியைக்கூடக் கண்ணுல காட்டல. அதுக்குப் பேரு குருவிப் பாதுகாப்புக் கட்டணமா? எடுங்க என் பணத்தை!”

சுற்றுலா வந்தவர் மேசையில் குத்திய குத்தில் டிக்கெட் கட்டு துள்ளிக் கீழே விழுந்தது.

டிக்கெட் கொடுப்பவர் பதறி எழுந்தார். “மெதுவா சார்... கொஞ்சம் மெதுவா.”

“நான் ஏன் மெதுவா பேசணும்? தப்பு பண்றவன்தான் குசுகுசுன்னு பேசுவான்!”

அழிந்துகொண்டிருக்கும் நீலவால் குருவி இந்த ஏரியில்தான் மிஞ்சியிருக்கிறது என்று பலகை வைத்து, நுழைவுக் கட்டணத்துக்கு மேல் அதற்கும் தனியாக வாங்கியிருந்தார்கள். காலையிலிருந்து ஏரியைச் சுற்றியதில் மனிதருக்குக் கால் வீங்கியதுதான் மிச்சம்.

“அந்தப் பணத்துலதான் சார் காவல் போட்டிருக்கோம். இல்லேன்னா மறுநாளே வலையோட வந்துருவாங்க. போன வருஷம் ஒரு கூடு இருந்துச்சு. போட்டோ எடுக்கறேன்னு கூட்டம் கூடி, பாவம், குருவி முட்டையை அப்படியே போட்டுட்டுப் பறந்துடுச்சு.”

“கதை விடாதய்யா. இல்லாத குருவிக்கு எதுக்குக் காவல்?”

கூட வந்த மனைவியும் லேசுப்பட்டவள் இல்லை. காய்கறிக் கடையில் கொசுறு வாங்காமல் நகராதவள். “பஸ் செலவையும் சேர்த்துக் கேளுங்க” என்று எடுத்துக் கொடுத்தாள்.

அறை அடுப்பாகக் கொதித்தது. மின்விசிறி இருந்தும் ஓடவில்லை. போதாததற்கு டிக்கெட்காரர் நாற்காலியில் ஒரு குடையைக் கட்டி, அதன் கீழே வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

“ரூமுக்குள்ள என்னய்யா குடை? கூரை ஒழுகுதா?”

“இல்ல சார். சும்மா ஒரு பழக்கம்.”

“கிறுக்குப் பழக்கம்! இவ்ளோ வாங்குறீங்க, ஒரு ஃபேன் போட மனசு வரல.” சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

டிக்கெட்காரர் ஒரே பாய்ச்சலில் வந்து முதுகால் சுவிட்சை மறைத்துக்கொண்டார். “வேணாம் சார், காலைப் புடிச்சிக் கேக்குறேன்! உங்க பணத்தைத் தந்துடுறேன். என் கைக்காசு, இந்தாங்க. கிளம்புங்க சார்.”

கணவர் முகத்தில் அப்படியொரு பெருமை. “பாத்தியா? அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும்!” அப்போது சட்டைத் தோளில் சொட்டென்று வெள்ளையாக எதுவோ விழுந்தது. “சுண்ணாம்பு வேற உதிருது. கட்டடத்தைப் பாத்துக்க வக்கில்ல, இவங்க குருவியைப் பாத்துக்கறாங்களாம்!”

துடைத்துவிட வந்த மனைவி ஒரு தடவை கூரையை அண்ணாந்து பார்த்தாள். கணவர் கையிலிருந்த பணத்தைப் பிடுங்கி மேசையில் வைத்தாள். தன் பர்ஸையும் திறந்து, இருந்ததையெல்லாம் அதன் மேல் வைத்தாள்.

“வச்சிக்குங்கண்ணா” என்றாள் ரகசியக் குரலில்.

“உனக்கென்ன புத்தி கித்தி பெரண்டுடுச்சா?”

“வாயை மூடிக்கிட்டு வெளிய வாங்க. செருப்புச் சத்தம் கேக்கக் கூடாது.”

கொசுறு கேட்பவள் கூடுதலாகக் கொடுத்து அவர் பார்த்ததே இல்லை. அவள் பின்னால் பூனை நடை நடந்தார். பஸ் நிறுத்தம் வந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

“உங்க தோள்ல இருக்கறது சுண்ணாம்பு இல்லீங்க. அந்த ஃபேன் மேல கூடு கட்டி, நீல வாலைத் தொங்கப் போட்டுக்கிட்டு, அது அடைகாத்துக்கிட்டு இருக்கு!”