குரலுக்குத் தனி விலை

"உங்க கம்பெனியில யாருக்காவது மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் தனியா காசு கட்டித்தான் வாங்கணுமா?"

கட்டில்கடைக்காரர் போனில் போட்ட சத்தத்தில், கடைக்குள் வந்த ஒரு அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

மறுமுனையில் செல்போன் விளையாட்டுக் கம்பெனியின் கஸ்டமர் கேர் பெண். "சார், கொஞ்சம் பொறுமையா..."

"பொறுமையா? அது போன வாரமே தீந்துபோச்சும்மா!"

கத்தினாலும் மனுஷர் பக்கம் நியாயம் இருந்தது. அப்பா விட்டுப்போன கடையை ரெண்டாகப் பிரித்த நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. தெருவில் எதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டால் போதும், செல்போனில் கோட்டைச் சண்டை விளையாட்டில் இரண்டு பேரும் ஒரே அணி.

"டேய் தம்பி, பின்னாடி வர்றான் பாரு!" என்று அண்ணன் அலறுவார்.

"நீ ஓடு அண்ணே, நான் பாத்துக்கறேன்!" என்பார் இவர்.

அந்த ஒரு மணி நேரத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பார். வெளியே சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

அதில்தான் கம்பெனிக்காரன் மண்ணைப் போட்டான். போன மாதம் திடீரென்று ஓர் அறிவிப்பு. விளையாட்டுக்குப் பழைய விலைதானாம், விளையாடும்போது பேசுவதற்கு மட்டும் தனிக் கட்டணமாம். வயிற்றெரிச்சலோடு அதையும் கட்டித் தொலைத்தார். காசு போனது, குரல் வரவில்லை; அண்ணன் பேசுவது இவருக்குக் கேட்டது, இவர் பேசுவது அண்ணனுக்குக் கேட்கவில்லை.

"என்னடா, இங்கேயும் பேச்சை நிறுத்திட்டியா?" என்று போன ஞாயிறு அண்ணன் கேட்டார். இவர் தட்டுத்தடுமாறிப் பதில் டைப் அடிப்பதற்குள் ஆள் கிளம்பிவிட்டார். இன்று சாயங்காலமும் ஊமையாக நின்றால் அதோடு உறவு முறிந்த மாதிரிதான். அண்ணன் அப்படிப்பட்ட ரோஷக்காரர்.

"காசை வாங்கிப் போட்டுக்கிட்டீங்கல்ல, குரலை எப்போம்மா குடுப்பீங்க?"

"சார், அந்த வேலையைப் பாத்துட்டிருந்தவங்கள்ல பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மீதிப் பேர் விளையாட்டுல அடுத்து விக்கப்போற தங்கக் குதிரையைச் செஞ்சிட்டிருக்காங்க..."

"அடப்பாவிகளா! இருக்கிறவன் வாயைக் கட்டிப்போட்டுட்டுக் குதிரை ஒண்ணுதான் குறைச்சலா?"

வாசலில் நின்ற அம்மா மெல்ல மேசையருகே வந்தார். "ஏங்க, நான் வந்த விஷயம்..."

கடைக்காரர் போனைக் கையால் மூடிக்கொண்டார். "சொல்லுங்கம்மா."

"கட்டில் வந்துச்சு. அது மேல போடற பலகை வரலையே?"

"பலகை தனிம்மா. பில்லுக்குக் கீழ பொடி எழுத்துல போட்டிருக்கோமே, பாக்கலையா?"

"பாத்து, அதுக்கும் சேத்துக் காசு கட்டிட்டேன். இன்னும் வரல. மாமியார் வேற வந்திருக்காங்க. மருமக என்னைத் தரையில படுக்கப் போட்டுட்டான்னு சொந்தக்காரங்க ஒருத்தர் பாக்கியில்லாம போன் போட்டுச் சொல்லிட்டிருக்காங்க!"

"வந்துரும், வந்துரும். கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கம்மா. வியாபாரம்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும்."

சொல்லிவிட்டுப் போனைத் திரும்பக் காதில் வைத்தார். "கேக்கறியாம்மா? கட்டின காசுக்குப் பொருளைக் குடுக்காம, பொறுத்துக்கோன்னு சொல்றதுக்குப் பேர் என்ன தெரியுமா? பகல் கொள்ளை!"

அந்த அம்மா வாயைத் திறந்தபடி அவரையே பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்கம்மா, இது அடுக்குமா?" என்று அவரிடமே நியாயம் வேறு கேட்டார் கடைக்காரர்.

"அடுக்கவே அடுக்காதுங்க," என்றார் அந்த அம்மா. "எனக்கே வயிறு எரியுது."

ஆதரவு கிடைத்ததும் இவருக்கு இன்னும் வேகம் வந்துவிட்டது. "உங்க முதலாளிகிட்ட போனைக் குடு!"

"அவர் கஸ்டமர் யார்கிட்டயும் பேசமாட்டார் சார்."

"பேசமாட்டாரா? பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல கட்டில்கடை வெச்சிருக்கிறவர் கூப்பிடறார்னு போய்ச் சொல்லு. இத்தனை வருஷமா நாலு பேர் மதிக்கத் தொழில் பண்றவன் நான்!"

மறுமுனையில் அந்தப் பெண்ணின் குரல் சட்டென்று உயர்ந்தது.

"கட்டில்கடையா? பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்லயா சார்?"

"ஆமா, அதுக்கென்ன இப்போ?"

"ஒரே நிமிஷம் லைன்ல இருங்க சார்!"

போனில் காத்திருப்பு இசையாக அந்த விளையாட்டின் போர் முரசு கொட்ட ஆரம்பித்தது. கடைக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஸ்பீக்கரைப் போட்டுப் போனை மேசை மேல் வைத்தார்.

"பாத்தீங்களாம்மா? அதட்டற விதத்துல அதட்டினா எப்பேர்ப்பட்டவனும் வழிக்கு வருவான்."

"கவனிச்சுட்டுத்தாங்க இருக்கேன்," என்றார் அந்த அம்மா.

முரசு நின்றது. அந்தப் பெண்ணின் குரலில் இப்போது தனி மரியாதை.

"சார், உங்க குரலை இப்பவே திறந்துவிடச் சொல்லிட்டார். இனிமே எந்த வசதி வந்தாலும் நீங்க மட்டும் காசே கட்ட வேண்டாமாம்."

கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. சாயங்காலம் அண்ணனிடம் பேசலாம்! "உங்க முதலாளி நல்லா இருக்கணும்மா. நான் கேட்ட கேள்வி அவ்வளவு உறைச்சிருச்சா?"

"அதெல்லாம் இல்ல சார். உங்க கடையைப் பத்தி அவர் ஆபீஸ்ல அடிக்கடி சொல்லுவார். கல்யாணமான புதுசுல அவர் உங்க கடையிலதான் கட்டில் வாங்கினாராம். பலகை வராம ரெண்டு பேரும் தரையில படுத்திருந்தப்போதான், விளையாட்டை வித்துட்டுக் குரலைத் தனியா விக்கலாம்னு அவருக்குத் தோணிச்சாம். அதனால இதைக் குருதட்சணையா ஏத்துக்கணும்னு சொல்லச் சொன்னார் சார்!"