இரண்டு பத்திகளுக்கு நடுவே

பார்வையற்ற கவிஞர் செண்பகவல்லி, இணைய இதழில் வெளியாகவிருந்த தம் கவிதையைக் கைப்பேசி வாசிக்கக் கேட்டார். வரிகள் ஒழுங்காக நிற்கட்டுமென்று, அருகில் அமர்ந்திருந்த வடிவமைப்பாளர் தவசீலன் அதை அட்டவணையாக அமைத்திருந்தார்.

"வரிசை ஒன்று, மழை நின்றது. வரிசை இரண்டு, குடை இன்னும் நடக்கிறது" என்றது குரல்.

"என்ன தம்பி, கவிதைக்கு சீட் நம்பர் போட்டுட்டீங்க? இப்படித்தான் வரும்னா கவிதையே வேண்டாம், எடுத்துடுங்க."

தவசீலன் மன்னிப்புக் கோரி, அட்டவணைக் குறிகளை நீக்கினார். வரிதோறும் வரிமுறிவும், பத்திதோறும் பத்திக்குறியும் இட்டார்.

"இப்போ கேளுங்கம்மா."

குரல் முதல் பத்தியை முடித்து நின்றது. வாசிப்பு தடைப்பட்டதோ என்று பதறிக் கைப்பேசியை எடுக்கப்போன தவசீலனின் மணிக்கட்டைச் செண்பகவல்லி மெல்லப் பற்றினார்.

"இருங்க தம்பி. நான் எழுதினதுலயே கஷ்டமான இடம் இந்த இடைவெளிதான்."

குரல் இன்னும் தொடங்கவில்லை. செண்பகவல்லி புன்னகைத்தார்.