பாதியைத் தாண்ட ஒரு வாக்கு

"உனக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன்டா." ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு சொன்னார் அப்பா.

மகன் கட்டிலருகே குனிந்து அவர் கையைப் பிடித்தான். "எனக்குப் போட வேணாம்ப்பா. எதிராவே போடுங்க. ஆனா வந்து போடுங்க. நாப்பது வருஷமா ஒரு வாக்கெடுப்பைக்கூட நீங்க விட்டதில்லையே."

மூன்று மணிக்கு நாடாளுமன்றம் கூடி நாட்டின் அதிபரைத் தேர்ந்தெடுக்கிறது. வேட்பாளர்கள் இரண்டே பேர், ஒருவன் மகன். அப்பா எதிரணி உறுப்பினர்.

சபையில் இருநூற்றொரு பேர். போன வாரம் ஒருவர் இறந்துபோக, இப்போது இருநூறு. வராதவர்களையும் சேர்த்து மொத்த எண்ணிக்கையில் பாதியைத் தாண்டினால்தான் அதிபர். மகனிடம் சரியாக நூறு பேர் இருந்தார்கள்.

டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "படுத்தே இருந்தா பத்து நாள்ல எழுந்து உட்காருவார். வண்டியில ஏத்தினா அரை மணி நேரம் தாங்குறதே கஷ்டம்."

"இங்கிருந்து இருபது நிமிஷம்தான் டாக்டர்."

அக்கா குறுக்கே வந்தாள். "உனக்கு எதிரா போடப்போறவரை ஏண்டா இழுத்துட்டுப் போற? பேசாம படுத்திருக்கட்டும்."

"அது அவரோட உரிமைக்கா. நான் ஜெயிக்கணும்னு அதைப் பறிக்கச் சொல்றியா?"

அக்கா ஒதுங்கி வழிவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பா அவன் பக்கம் திரும்பினார். "உன்னைத் தப்பா எடை போட்டுட்டேன் போலிருக்கு," என்றார். பிறகு லேசாகச் சிரித்தார். "இருந்தாலும் ஓட்டுக் கிடையாது."

டாக்டர் நீட்டிய படிவத்தில், தன் பொறுப்பில் போவதாக அப்பா கையெழுத்துப் போட்டார். ஸ்ட்ரெச்சர் இறங்கியது. அக்கா கூடவே ஏறிக்கொண்டாள். ஆம்புலன்ஸின் கதவு மூடியது.

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த கட்சிச் செயலாளர் மகனை ஓரமாக இழுத்தார். "ஏற்கெனவே நமக்கு ஒண்ணு குறையுது சார். இதுல இவரை வேற கூட்டிட்டுப் போய் அவங்களுக்குப் போட வைக்கணுமா? சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறோம்!"

"மொத்தம் நூத்தித் தொண்ணூத்தொன்பது பேர்னா, பாதியைத் தாண்ட எத்தனை வேணும்?"

செயலாளர் விரல் மடக்கினார். "நூறு போதும் சார். ஆனா நாம இருநூறு..." மடக்கிய விரல் அப்படியே நின்றது. ஆம்புலன்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

மகன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தான்.

"டிரைவரைச் சுத்து வழியா போகச் சொல்லுங்க."