தடுப்புக் கட்டையும் லேத்தும்

எல்லைச் சாவடியின் தடுப்புக் கட்டை, எதிர்ப் பட்டறையில் சும்மா கிடந்த கடைசல் இயந்திரமான லேத்தைப் பார்த்துக் கத்தியது. "வெளிநாட்டு போல்ட்டையெல்லாம் வரி போட்டு மறிச்சுட்டேன். இனி நீதானே போல்ட் கடையணும், இன்னும் என்னடா தூக்கம்? நாளைக்கு உன்னைப் பழைய இரும்புக்குப் போடப்போறாங்களாம்!"

"இரும்பைச் சீவுற உளி இல்லாம எப்படி ஓடுறது? அதுவும் நீ மறிச்ச வண்டியிலதானே கிடக்கு!"

கட்டை உடனே அந்த வண்டிக்கு மட்டும் எழுந்து வழிவிட்டது.

மாலையில் லேத் சுற்றியது. முதல் போல்ட் கோணலாக வந்தது. "இதை யாரு வாங்குவா?" என்று லேத் குன்றிப்போனது.

"என் மூட்டுல போல்ட் ஒண்ணு கழண்டுபோச்சு, இதை மாட்டு. நீ நேராக் கடையுறவரைக்கும் நான் கிறீச்சுன்னு கத்திக்கிட்டே ஏறி இறங்குறேன். சீக்கிரம் கத்துக்கடா, எத்தனை காலம் நான் குறுக்கே நிக்கிறது?" என்றது கட்டை.

லேத் அதற்குள் அடுத்த கம்பியைக் கடைய ஆரம்பித்திருந்தது.